கேள்விக்குப் பின் பத்து எண்ணியவர்

ஞாயிற்றுக்கிழமை காலை, தியாகராய நகரில் என் அண்ணனின் பாத்திரக் கடையில் உட்கார்ந்திருந்தேன். மாதத்தில் ஒரு ஞாயிறு அங்கே போய் உட்காருவது என் வழக்கம். உதவி செய்வதற்காக அல்ல, வீட்டில் இருக்கப் பிடிக்காமல். அப்போதுதான் எங்கள் துறையின் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்தது. இயந்திரவியல் துறைத் தலைவர் பேராசிரியர் வைஜயந்தி, முந்தின நாள் மாலை வீட்டுப் படியேறும்போது மாரடைப்பு வந்து காலமாகிவிட்டார். கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். ஆறாவதாக வந்த செய்தி, புதன்கிழமை செய்முறைத் தேர்வுக்கு அவருக்குப் பதிலாக யார் என்று கேட்டது. கேட்டவர் பெயரை இங்கே எழுத மாட்டேன். மறக்கவும் மாட்டேன்.

"என்னடே, போனையே பாத்துட்டு இருக்க?" என்றார் அண்ணன்.

"கூட வேலை பாக்குற மேடம் இறந்துட்டாங்க."

"நல்ல பழக்கமா?"

"எனக்கும் அவங்களுக்கும் ஆகாது."

அண்ணன் ஒரு அம்மாளுக்குக் குக்கர் மூடியைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "அப்பம் நீதாம்ல மொதல்ல போய் நிக்கணும். கெளம்பு."

வைஜயந்தியை அறிந்தவர்கள்தான் இதைப் படிக்கப் போகிறீர்கள். துறையின் நினைவு மலருக்கு எழுதித் தரச் சொன்னவர்கள், நல்லதை மட்டும் எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். நல்லதை மட்டும் எழுத எனக்கு வராது. பொய் இல்லாமல் எழுத முயல்கிறேன்.

அந்தப் புதன்கிழமைத் தேர்வைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நந்தினி என்று ஒரு மாணவி. கொட்டிவாக்கத்தில் மீனவர் குடியிருப்பு. அப்பா படகு இன்ஜின் பழுது பார்ப்பவர். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்துவிட்டு எங்கள் கல்லூரியில் நேராக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவள். மற்ற எல்லாத் தாள்களிலும் தேறிவிட்டாள். வெப்பப் பொறியியல் ஆய்வகத்தின் வாய்மொழித் தேர்வில் மட்டும் இரண்டு முறை தோற்றிருந்தாள். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் அவளுக்கு வேலை தயாராக இருந்தது. சேரும் நாளில் ஒரு அரியர்கூட இருக்கக் கூடாது என்பது அவர்கள் நிபந்தனை. அந்த நாளுக்கு முன்னால் மிச்சமிருந்த ஒரே வாய்ப்பு இந்தப் புதன்கிழமை. உள் தேர்வாளராக அமர வேண்டிய வைஜயந்தி இப்போது இல்லை. அவருடைய இடத்துக்கு என்னைப் போட்டார்கள். இரண்டாம் முறை அவளைத் தோற்கடித்தவனும் நான்தான்.

ஞாயிறு மதியம் மயிலாப்பூருக்குப் போனேன். குளத்துக்குப் பின்புறச் சந்தில், மூன்று மாடிகளாகப் பிரிந்துபோன பழைய வீடு. அவருடைய கணவரை இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். என்னைக் கண்டதும் எழுந்து வந்தார்.

"நீங்க முத்துக்குமார்தானே? ஆத்துக்கு வந்தா உங்க பேச்சுதான்."

"எங்களுக்குள்ள அடிக்கடி வாக்குவாதம் வரும் சார்," என்றேன்.

"தெரியுமே. உங்களோட சண்டை போட்டுண்டு வந்தா அன்னிக்கு நன்னா சாப்பிடுவா. ஒரு கரண்டி கூடவே."

இழவு வீட்டில் சிரிக்கக் கூடாது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இரண்டு பேருமே சிரித்துவிட்டோம்.

சண்டைக்குக் காரணங்கள் இருந்தன. நான் அந்தக் கல்லூரியில் சேர்ந்து மூன்றாண்டு கழித்து வந்தவர் அவர். துறைத் தலைவர் பதவி அவருக்குப் போயிற்று. எனக்கு ஏன் கிடைக்கவில்லை என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. நாங்கள் எழுதும் சுற்றறிக்கைகளில் ஆங்கிலப் பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தி, அதை நகலெடுத்து ஸ்டாஃப் ரூம் பலகையில் ஒட்டுவார். வீட்டிலிருந்து பிளாஸ்கில் காபி கொண்டு வருவார். அந்த மணம் அறை முழுக்க இருக்கும், ஒரு வாய்கூட யாருக்கும் வந்ததில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, நாம் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அதை முடிக்க விடமாட்டார். மாணவர்களுக்காகப் பத்து எண்ணியவர் என்று ஊரே இன்று அவரைப் புகழ்கிறது. எனக்காக அவர் இரண்டுகூட எண்ணியதில்லை.

அந்தப் பத்து எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன்.

எங்கள் கல்லூரியில் முதலாண்டு சேருகிறவர்களுக்குப் பெயர் வரிசைப்படி எண் கொடுப்பார்கள். டிப்ளமோ முடித்து இரண்டாம் ஆண்டில் வருகிறவர்களுக்கு அதற்குப் பிறகு மிஞ்சும் எண்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழ் வழியில் படித்தவர்கள், வேலை பார்த்துக்கொண்டே படித்தவர்கள், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். எல்லாமே எண் வரிசையில்தான் நடக்கும். அதனால் ஆய்வகத்தில் அவர்களுக்குக் கடைசிக் குழு, கடைசி மேசை, பல் தேய்ந்த ஸ்பானர். வாய்மொழித் தேர்வில் அவர்கள் முறை வருவதற்குள் மணி நாலரை ஆகிவிடும். வெளிக் கல்லூரியிலிருந்து வந்த தேர்வாளர் அதற்குள் பையை மூடி மடியில் வைத்திருப்பார். இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. அதனால் யாருக்கும் இது தவறாகவும் படவில்லை.

வைஜயந்தி தலைவரான முதல் மாதத்துக் கூட்டத்தில் இதைக் கையிலெடுத்தார்.

"வரிசையைத் திருப்பிடலாம். கடைசி நம்பர்லேர்ந்து ஆரம்பிப்போம்."

"முதல் நம்பர் பசங்க என்ன பாவம் பண்ணாங்க மேடம்?" என்றேன்.

"ஒண்ணும் பண்ணலை. ஒண்ணும் பண்ணாமலே இத்தனை நாள் முன்னாடி நின்னுண்டிருந்தா. அதைத்தான் சொல்றேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நானும் தமிழ் வழியில் படித்து வந்தவன்தான். எனக்கு யாரும் வரிசையைத் திருப்பவில்லை. தட்டுத் தடுமாறி, அவமானப்பட்டு, இந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்தேன். பட்டவனுக்குக் கிடைக்காத சலுகையைப் படாத ஒருவர் அள்ளிக் கொடுக்கிறார் என்று எனக்கு எரிந்தது. மயிலாப்பூரில் பிறந்து கான்வென்டில் படித்தவருக்குக் கடைசி வரிசையைப் பற்றி என்ன தெரியும் என்றுதான் நினைத்தேன்.

அந்த ஆண்டு வரிசையைத் திருப்பினார்கள். முடிவு என்ன தெரியுமா? டிப்ளமோ மாணவர்கள் முன்னைவிட அதிகமாகத் தோற்றார்கள். காலை ஒன்பதரைக்கு இட்லியும் வடையும் சாப்பிட்டுத் தெம்பாக வந்து உட்கார்ந்த தேர்வாளரிடம் அவர்கள்தான் முதலில் போய் மாட்டினார்கள். மாலை நேரத்து அலுப்பில் இரண்டு கேள்வியோடு விட்டிருப்பவர், காலையில் ஆறு கேள்வி கேட்டார். நான் ஸ்டாஃப் ரூமில், அவர் காதில் விழும்படி, "சமூக சீர்திருத்தம் நல்லா நடக்குது" என்றேன்.

அடுத்த கூட்டத்தில் அவர் எழுந்து, "நான் நினைச்சது தப்பு. வரிசை இல்லை, வேற ஏதோ இருக்கு. என்னன்னு எனக்குத் தெரியலை," என்றார். பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்த அறை அது. அந்த அறையில் ஒரு துறைத் தலைவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. மரியாதை வந்தது என்று எழுத ஆசைதான். உண்மையில் வந்தது எரிச்சல். அவரே சொல்லிவிட்ட பிறகு நான் குத்திக்காட்ட எதுவுமில்லையே.

இரண்டு நாள் கழித்து ஆய்வகத்துக்கு வந்தார். நான் வெர்னியர் அளவுகோலில் ஒரு தண்டின் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றார்.

"சார், நீங்க தமிழ் மீடியமா?"

எனக்குச் சுரீரென்றது. "யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை. ரீடிங் எடுக்கறச்சே உங்க உதடு தமிழ்ல கூட்டறது."

நான் ஆங்கிலத்தில்தான் பாடம் நடத்துவேன், ஆங்கிலத்தில்தான் திட்டுவேன். இத்தனை ஆண்டுகளாக ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. மறுக்கலாம் என்று வாயெடுத்தேன். அவர் முகத்தில் ஏளனம் இல்லை. ஒரு கணக்கு விடை வராத மாணவியைப் போல நின்றார். "உங்க வைவால என்ன சார் ஆச்சு?" என்று கேட்டார்.

சொன்னேன். என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. தேர்வாளர் ஆங்கிலத்தில் கேட்டது மிக எளிய கேள்வி: இன்ஜினில் ஃப்ளைவீல், அதாவது அந்தக் கனத்த சக்கரம், எதற்கு? எனக்கு விடை தெரியும். தெரிந்த விடையைத் தமிழில் அடுக்கி, அதை ஆங்கிலமாக்கி, வினைச்சொல்லை எங்கே போடுவது என்று தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் "நெக்ஸ்ட்" என்றார். வெளியே வந்து நின்றபோது முழு வாக்கியமும் பிழையில்லாமல் மனசுக்குள் வந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை.

அன்று ஒரு நாள் மட்டும் வைஜயந்தி நான் முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

"எவ்வளவு நேரம் குடுத்தார்?"

"மூணு, நாலு செகண்டு இருக்கும்."

"எவ்வளவு இருந்தா போதும்?"

"பத்து."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அப்புறம், கை சும்மா இருந்துச்சு. ஃப்ளைவீல்ல கை வெச்சிருந்தா வாய் தானா வந்திருக்கும்."

அவர் பிளாஸ்கைத் திறந்து, மூடியில் காபி ஊற்றி என்னிடம் நீட்டினார். எனக்குக் கிடைத்த ஒரே காபி அதுதான். ஆறியிருந்தது.

அடுத்த தேர்விலிருந்து மூன்று விதிகள் வந்தன. வாய்மொழித் தேர்வு மேசைக்கு முன்னால் அல்ல, இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று நடக்க வேண்டும். கேள்வி கேட்ட பிறகு தேர்வாளர் மனசுக்குள் பத்து எண்ணும்வரை வாயைத் திறக்கக் கூடாது. விடை எந்த மொழியிலும் வரலாம், வரைந்தும் காட்டலாம். வெளித் தேர்வாளர்கள் முதலில் நெளிந்தார்கள். ஒருவர், "மேடம், இது வைவாவா, தியானமா?" என்று கேட்டார்.

"ரெண்டும் ஒண்ணுதான் சார். ரெண்டுலயும் நாம பேசப்படாது," என்றார் வைஜயந்தி.

டிப்ளமோ மாணவர்கள் பேச ஆரம்பித்தார்கள். அது எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது முதல் எண்காரர்களுக்கு நடந்தது. மனப்பாடமாக ஆங்கிலத்தில் கொட்டிவிட்டு, நல்ல பிள்ளையாக நிற்பார்கள். எதிரே மௌனம். மூன்று எண்ணும்போது புன்னகை போகும். ஆறு எண்ணும்போது, "சார், ஆக்சுவலா..." என்று தாங்கள் சொன்னதையே திரும்ப யோசிக்கத் தொடங்குவார்கள். பின்னால் நிற்கிறவர்களுக்காகச் செய்தது முன்னால் நிற்கிறவர்களுக்கும் படிப்பைக் கொடுத்தது. இதை நான் ஒத்துக்கொண்டது இப்போதுதான். அவர் இருந்தபோது ஒத்துக்கொள்ளவில்லை.

இதைப் பற்றி அவர் ஒரு கருத்தரங்கில் கட்டுரை படித்தார். கட்டுரையில் அவர் பெயர் முதலில். அட்டவணை போட்டுக் கொடுத்த இளைய ஆசிரியர் இரண்டாவது. என் பெயர் மூன்றாவது. அறைக்குப் போய் நேராகக் கேட்டேன்.

"வரிசையில என்ன சார் இருக்கு?" என்றார்.

வரிசையைப் பற்றிப் பேசியே பெயர் வாங்கியவர் சொன்ன வார்த்தை இது. அந்தச் சண்டையில் நியாயம் என் பக்கம். அவர் இறந்ததனால் அது மாறிவிடாது.

அந்தக் கோபம் கனிந்துகொண்டிருந்த மாதத்தில்தான் நந்தினியின் இரண்டாவது தேர்வு வந்தது. முதல் முறை காய்ச்சலோடு வந்து வாயே திறக்காமல் போனவள். இந்த முறை நான் உள் தேர்வாளர். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. வெளியாட்களுக்குத் தெரியாது, நாங்களும் பேசிக்கொள்ள மாட்டோம். கூட்டம் அதிகமான நாட்களில், மாணவர்கள் வருவதற்கு முன்பே ரெக்கார்டு நோட்டைப் புரட்டிப் பார்த்து, வாய்மொழித் தேர்வுக்கான மதிப்பெண்ணைப் பென்சிலால் எழுதி வைத்துவிடுவது. பிறகு பேருக்கு ஒரு கேள்வி. கடைசியில் மையால் அதன் மேலேயே எழுதிவிடுவது. புதிய விதிகள் வந்தபோது அந்தப் பழக்கத்தை விட்டிருந்தேன். அன்று வேண்டுமென்றே திரும்பவும் செய்தேன். அவருடைய பத்தை நான் ஏன் எண்ண வேண்டும் என்ற வீம்பு. நந்தினியின் பெயருக்கு நேரே, தேர்ச்சிக்கு நான்கு குறைவாக எழுதியிருந்தேன்.

வைஜயந்தி ஏதோ கையெழுத்துக்காக உள்ளே வந்தார். மேசையில் இருந்த தாளைப் பார்த்தார். நந்தினி அப்போது வாசலில் காத்துக்கொண்டிருந்தாள். அவர் தன் கைப்பையைத் திறந்து எதையோ தேடினார். பிறகு குனிந்து நிமிர்ந்து, ஒரு ரப்பரைத் தாளின் மேல் வைத்தார்.

"சார், உங்க ரப்பர். கீழ விழுந்து கிடந்தது."

அது என்னுடையது இல்லை. கீழே விழுந்து கிடக்கவும் இல்லை. அவர் போய்விட்டார். நான் நந்தினியைக் கூப்பிட்டேன். ஒரு கேள்வி கேட்டேன். அவள் கை இன்ஜினை நோக்கிப் பாதி தூரம் போனது. நான் அடுத்த பெயரைப் படித்தேன். கையை எடுத்துக்கொண்டாள். அந்த எண்ணின் மேல் மையால் எழுதினேன்.

ஒரு வாரம் கழித்து என் மேசைக்கு வந்தார்.

"சார், நான் இதை எங்கயும் எழுதிப் போடப் போறதில்லை."

"போடறதுன்னா போடுங்க மேடம்."

"போட்டா உங்களுக்கு ஒரு மெமோ வரும். அந்தப் பொண்ணுக்கு என்ன வரும்?"

நான் மேசை இழுப்பறையைத் திறந்து மூடினேன்.

"அடுத்த தடவை அவ வரச்சே நான் இன்டர்னலா இருப்பேன். நீங்களும் லேபுல இருக்கணும்."

"நான் எதுக்கு?"

"பார்க்கறதுக்கு."

பார்க்கலாம் என்றேன். அதற்குப் பிறகு நாங்கள் நீளமாகப் பேசியதில்லை.

புதன்கிழமை வந்தது. ஆய்வகச் சுவரில் அவர் படம் வைத்து மாலை போட்டிருந்தார்கள். நான் வாசலருகே ரெக்கார்டு நோட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது வெளியே குரல் கேட்டது.

"இன்னாடி இது, இவரா இன்டர்னல்? போச்சு."

"கம்முனு இரு நந்தினி. கேக்கப் போவுது."

"கேட்டா கேக்கட்டும். கடலுக்குப் போறப்ப பூனை எதுத்தாப்ல வந்த மாதிரி கீது."

வெளித் தேர்வாளர் இளைஞர், நல்ல மாதிரி. ஆனால் மூன்று மணிக்கு அவருக்கு இன்னொரு கல்லூரியில் வேலை இருந்தது. அரியர் எழுதுகிறவர்கள் எப்போதும் போலப் பட்டியலின் அடியில்தான் இருந்தார்கள். நந்தினி வந்து நின்றபோது மணி இரண்டே முக்கால். பாதியாக அறுத்துவைத்த இன்ஜினின் பக்கத்தில் அவளை நிறுத்தினேன்.

வெளித் தேர்வாளர் ஆங்கிலத்தில் கேட்டார்: பிஸ்டன் உச்சிக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே காற்று உள்ளே வரும் வால்வு திறந்துகொள்கிறதே, ஏன்?

நான் எண்ணத் தொடங்கினேன். ஒன்று. இரண்டு. நந்தினி தரையைப் பார்த்தாள். மூன்று. தேர்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ஓகே, நெக்ஸ்ட்..." என்றார். மதிப்பெண் தாளின் மேல் என் கையை வைத்தேன்.

"சார், இன்னும் ஏழு இருக்கு."

"என்ன ஏழு?"

"எண்ணிட்டு இருக்கேன் சார். கொஞ்சம் பொறுங்க."

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். நந்தினியும் நிமிர்ந்து பார்த்தாள். நான்கு. ஐந்து. வாழ்க்கையில் அவ்வளவு நீளமான ஐந்தை நான் எண்ணியதில்லை. எட்டு என்று எண்ணும்போது அவள் கை ஃப்ளைவீலுக்குப் போனது.

"ஒரு துண்டு பேப்பர் குடுங்க சார்."

கிழித்துக் கொடுத்தேன். வால்வுத் தண்டின் நுனிக்கும் அதை அமுக்கும் நெம்புகோலுக்கும் நடுவில் இருந்த இடுக்கில் அந்தத் துண்டைச் செருகி, ஒரு கையால் அதை இழுத்துப் பார்த்துக்கொண்டே மறு கையால் ஃப்ளைவீலை மெல்லச் சுற்றினாள். கோவிலில் கற்பூரத் தட்டைச் சுற்றுவதைப் போல அவ்வளவு நிதானம்.

"இங்க பாருங்க. பேப்பர் வரல, புடிச்சிக்கிச்சு. வால்வு தொறக்க ஆரம்பிச்சிருச்சு. ஆனா பிஸ்டன் இன்னும் மேல போய்ச் சேரல. இவ்ளோ தூரம் பாக்கி கீது."

"அதான் கேக்கறேன், ஏன்?" என்றார் அவர். இப்போது தமிழில்.

"வால்வு டக்குனு தொறக்காது சார், மெதுவாத்தான் தொறக்கும். காத்தும் அப்படித்தான், நகர்றதுக்கு டைம் எடுக்கும். பிஸ்டன் கீழ எறங்க ஆரம்பிச்சப்புறம் தொறந்தா, காத்து உள்ள வர்றதுக்குள்ள பாதி ஸ்ட்ரோக்கு போயிடும். ஆளு வந்து நின்னப்புறம் போயி சாவி தேடுனா எப்புடி? முன்னாடியே தொறந்து வெக்கணும்."

தேர்வாளர் பையைக் கீழே வைத்தார். "படகு இன்ஜின்லயும் இப்படித்தானா?"

"எங்கப்பா கைக்கு வர்றதுல நெறைய டூ ஸ்ட்ரோக் சார். அதுல வால்வே கெடயாது, ஓட்டைதான். பிஸ்டனே மூடும், பிஸ்டனே தொறக்கும். வேணும்னா வரைஞ்சு காட்டவா?"

வரைந்து காட்டினாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். மூன்று மணி எப்போதோ தாண்டிவிட்டது. அந்த இன்னொரு கல்லூரியில் அன்று எத்தனை பேர் அவருக்காகக் காத்திருந்தார்களோ, அவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். என்ன மதிப்பெண் என்று இங்கே எழுதக் கூடாது. அவள் பேசி முடித்த பிறகு, பேனாவால், வெற்றுக் கட்டத்தில் எழுதினேன். தேர்ச்சிக்கு மிக மேலே.

உறைக்கு அரக்கு வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். வராந்தாவில் நின்றிருந்தாள். தோழி செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது.

"நந்தினி, போன தடவை நீ வாயத் திறக்கறதுக்கு முன்னாடியே நான் மார்க் போட்டுட்டேன். நான் பண்ணினது தப்பு."

"தெரியும் சார்."

"மேடம் சொன்னாங்களா?"

"அவங்க ஒண்ணியும் சொல்லல. நீங்க என் மூஞ்சியவே பாக்கல. எனக்கே தெரிஞ்சிச்சு."

அவளே தொடர்ந்தாள்.

"ஆனா மேடம் வேற ஒண்ணு சொன்னாங்க. பத்து செகண்டு பழக்கத்தக் கொண்டாந்ததே அந்த சார்தான், அவருக்குத்தான் அது வேணும்னு தெரிஞ்சிச்சுன்னாங்க. சொன்னவரே மறந்துட்டாரு, ஞாபகம் வந்துடும், அவரு இருந்தா பயப்படாதன்னாங்க."

"நீ நம்பினியா?"

"இல்ல சார்," என்றாள். தோழி அவள் முழங்கையைக் கிள்ளினாள். "எட்டு வரைக்கும் நம்பல."

கட்டுரையில் என்னை மூன்றாவதாகப் போட்டவர், தோற்றுப்போய் நின்ற ஒரு மாணவியிடம் என்னை முதலாவதாகச் சொல்லியிருக்கிறார். என்னிடம் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன், அதற்கும் ஒரு சண்டை போட்டிருப்பேன். அன்று இரவு அவர் வீட்டில் ஒரு கரண்டி கூடவே சாதம் போயிருக்கும்.

வைஜயந்தி, உங்களை நான் முழுக்க மன்னித்துவிடவில்லை. கட்டுரை விஷயத்தில் தப்பு உங்களுடையதுதான். நந்தினி விஷயத்தில் தப்பு என்னுடையது. இரண்டையும் ஒரே மலரில் எழுதியாயிற்று.

உங்களிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒரு வேலை. புதிதாக வரும் டிப்ளமோ மாணவர்களின் முதல் வாரத்தை ஆண்டுதோறும் நீங்களே எடுத்துக்கொள்வீர்கள். ஆய்வகத்தைச் சுற்றிக் காட்டி, ஒவ்வொரு இயந்திரத்திலும் கை வைக்கச் சொல்லி, எந்த மொழியிலும் கேள் என்று சொல்லும் அந்த வாரம். இனி அது வேண்டாம், நேரடியாகப் பாடத்துக்குப் போய்விடலாம் என்று பேச்சு எழுந்தது. அந்த வாரம் எனக்கு வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்களுடைய சிரிப்பும் சாமர்த்தியமும் எனக்கு வராது. முதல் நாளே அவர்களிடம் தமிழில் பேசிவிடுவேன், அது வரும். நந்தினி ஒரகடத்தில் சேருவதற்கு முன்னால் ஒரு நாள் வந்து இன்ஜினைத் திருப்பிக் காட்டுவதாக ஒத்துக்கொண்டிருக்கிறாள். அன்று நான் பின்னால் நிற்பதாக இருக்கிறேன்.

இதைப் படிப்பவர்களில் பலர் மற்ற கல்லூரிகளில் ஆசிரியர்கள். யாராவது ஒருவர் அடுத்த பருவத்தில் எங்கள் ஆய்வகத்துக்குத் தேர்வாளராக வருவீர்கள். வாருங்கள். அன்று மாலை மட்டும் வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.